இரண்டாவது கதை எங்கே? ‘அட்வென்சர் டைம்’ விலைபோன விதம்

ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று இணையத்தில் பத்து லட்சம் பார்வைகளைக் கடந்து ஓடியது. அதைத் தொடராக எடுக்கும்படி கேட்டபோது நிக்கலோடியன் சேனல் இரண்டு முறை வேண்டாம் என்றது. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் வாங்கியது. 2010 முதல் 2018 வரை பத்து சீசன்கள், 283 அத்தியாயங்கள். ‘அட்வென்சர் டைம்’ தொடரின் இந்த வரலாற்றை அனிமேஷன் எழுதப் பழகுபவர்களிடம் சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: மறுத்தவனுக்குக் கண் இல்லை, வாங்கியவனுக்கு இருந்தது.

கதை விற்கப் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு ஆறுதல் தரும் முடிவு. ஆனால் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. ஏனென்றால், வாங்கிய சேனலும் முதலில் கொண்டுபோன கதையை ஏற்கவில்லை. இன்னொன்று கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டது. அந்த இன்னொன்றுக்குத்தான் சம்மதம் கிடைத்தது. ஆகவே ஆராய வேண்டியது குறும்படத்தின் அழகை அல்ல. ஏற்கப்படாத கதைக்கும் ஏற்கப்பட்ட கதைக்கும் நடுவில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

வரைந்து கதை சொல்லும் இடம்

பென்டில்டன் வார்ட் கலிஃபோர்னியாவில் உள்ள கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் படித்தவர். படிப்புக்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஃபிரெடரேட்டர் என்ற அனிமேஷன் நிறுவனம். அதை நடத்திய ஃபிரெட் சைபர்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் வகுத்த வழி இல்லையென்றால் வார்ட் போன்ற ஒருவர் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது.

சைபர்ட் எம்டிவி தொடங்கிய காலத்தில் அங்கே இருந்தவர். 1992இல் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்தின் தலைவரானார். அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய கார்ட்டூன் தொடர் என்றால் நிர்வாகிகள் கூடிப் பேசி, பொம்மைக் கடையில் எது விற்கும் என்று பார்த்து, எழுத்தாளரை அமர்த்தி எழுதவைப்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. சைபர்ட் அதை மாற்றிப் போட்டார். பழைய திரையரங்கக் கார்ட்டூன்களைப்போல ஏழு நிமிடக் குறும்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி ஆளின் கற்பனை. நிறைய எடுத்துப் பார்த்து, நின்றவற்றைத் தொடராக்குவது. ‘வாட் எ கார்ட்டூன்!’ என்ற பெயரில் 48 குறும்படங்கள் வந்தன. ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’, ‘ஜானி பிராவோ’, ‘தி பவர்பஃப் கேர்ள்ஸ்’ ஆகியவை அந்தக் களத்திலிருந்து முளைத்தவை. பிறகு நிக்கலோடியனுக்காக ‘ஓ யா! கார்ட்டூன்ஸ்’, அதன் பின் ‘ரேண்டம்! கார்ட்டூன்ஸ்’. வார்டின் படம் இந்தக் கடைசித் தொகுப்பில் ஒன்று.

இந்த முறையில் கதை சொல்ல வருபவர் தட்டச்சு செய்த திரைக்கதையோடு வருவதில்லை, ஸ்டோரிபோர்டோடு வருகிறார். கட்டம் கட்டமாக வரைந்த தாள்களைச் சுவரில் குத்திவைத்து, ஒரு குச்சியால் காட்டிக்கொண்டே, எல்லாக் குரல்களையும் தானே பேசி, அடி விழும் ஓசையையும் தானே எழுப்பி நடித்துக் காட்ட வேண்டும். கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளர் அறையில் இரண்டு மணி நேரம் கதை சொல்லும் உதவி இயக்குநருக்கு இது ஓரளவு பழக்கமான காரியம்தான். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ‘இந்த இடத்தில் பிரமாண்டமாக ஒரு சண்டை வருகிறது சார்’ என்று கையை விரித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். இங்கே அந்தச் சண்டை சுவரில் படமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாதது எல்லோர் கண்ணிலும் படும்.

வார்ட் முதலில் கதை சொன்னபோது சைபர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரி மாணவர் எடுக்கும் தனிப்படம் மாதிரி இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஃபிரெடரேட்டரில் இருந்த எரிக் ஹோமன் போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதால்தான் படம் எடுக்கப்பட்டது. ஆக, இந்தப் பயணத்தின் முதல் மறுப்பு நிக்கலோடியனுடையது அல்ல. பின்னாளில் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்டவருடையது!

ஏழு நிமிடத்தில் என்ன இருந்தது

குறும்படத்தின் கதையை ஒன்லைனாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்: பனி அரசன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறான், ஒரு சிறுவனும் உருவம் மாறும் நாயும் அவளை மீட்கிறார்கள். உலகத்தில் பாதிக் கதைகள் இதுதான். சிறுவனின் பெயர் பென், அதாவது எழுதியவரின் சொந்தப் பெயரின் சுருக்கம். தொடராக மாறியபோதுதான் அவன் ஃபின் ஆனான்.

படத்தின் உயிர் அந்த ஒன்லைனுக்கு வெளியே இருந்தது. சண்டையின் நடுவில் சிறுவன் உறைந்துபோகிறான். அவனுடைய மனம் காலத்தில் பின்னோக்கிச் சென்று செவ்வாய்க் கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஆபிரகாம் லிங்கன் நிற்கிறார். தன்மேல் நம்பிக்கை வைக்கும்படி அவனுக்குச் சொல்கிறார். ஏன் லிங்கன், ஏன் செவ்வாய் என்று படம் விளக்குவதே இல்லை. பேச்சும் அப்படித்தான்: எழுதிவைத்த வசனமாகத் தோன்றாமல், பன்னிரண்டு வயதுப் பையன் விளையாட்டு மும்முரத்தில் உளறுவதுபோல இருக்கும். கைகால்கள் முழங்கை, முழங்கால் இல்லாத நூடுல்ஸ்.

இதை இணையத்தில் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். 2007 நவம்பருக்குள் பத்து லட்சம் பார்வைகள். யூடியூப் தொடங்கி மூன்று ஆண்டுகூட ஆகாத காலத்தில் அது சாதாரண எண் அல்ல.

ஆனாலும் சேனலில் உட்கார்ந்து முடிவெடுப்பவருடைய நாற்காலியிலிருந்து இதைப் பாருங்கள். அவர் வாங்கப்போவது ஏழு நிமிடத்தை அல்ல. பதினொரு நிமிட அத்தியாயங்கள் இருபத்தாறு, முதல் சீசனுக்கு மட்டும். இந்தப் படத்தின் பலம் திடீர் என்று வந்த லிங்கன். இருபத்தாறு முறை திடீர் என்று லிங்கன் வந்தால் அது திடீர் ஆகாது. வியப்பினால் வென்ற படத்தைப் பார்த்துவிட்டு ‘அடுத்தது என்ன’ என்று கேட்டால், படத்துக்குள் அதற்குப் பதில் கிடையாது. மறுத்தவரின் மனதுக்குள் இதுதான் ஓடியது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் தயங்கியிருப்பேன் என்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்பகெட்டி விருந்து

நிக்கலோடியன் கைவிட்ட பிறகு ஃபிரெடரேட்டர் படத்தைக் கார்ட்டூன் நெட்வொர்க்கிடம் எடுத்துச் சென்றது. வார்ட் அப்போது அதே சேனலில் ‘தி மார்வலஸ் மிஸ்அட்வென்சர்ஸ் ஆஃப் ஃபிளாப்ஜாக்’ தொடருக்கு எழுதி வரைந்துகொண்டிருந்தவர். சேனல் சொன்ன பதிலில் ஒரு தெளிவு இருந்தது: குறும்படத்தில் இருந்தவை கெடாமல் இதைத் தொடராக விரிக்க முடியும் என்று நிரூபித்தால் எடுக்கிறோம்.

இந்த வாக்கியத்தை எழுதப் பழகும் ஒவ்வொருவரும் இரண்டு முறை படிக்க வேண்டும். ‘நன்றாக இருக்கிறதா’ என்ற கேள்வி அதில் இல்லை. நன்றாக இருக்கிறது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டாயிற்று. கேட்பது இரண்டே விஷயம்: மறுபடி செய்ய முடியுமா, மறுபடி செய்யும்போது அதுவாகவே இருக்குமா.

வார்ட் தன் கல்லூரி நண்பர்கள் பேட் மெக்ஹேல், ஆடம் மியூட்டோ இருவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஸ்டோரிபோர்டு வரைந்தார். அதில் ஃபின்னும் பபிள்கம் இளவரசியும் ஸ்பகெட்டி சாப்பிடப் போகிறார்கள். பையனுக்கு அது காதல் சந்திப்பு. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சேனலுக்குப் பிடிக்கவில்லை, குறும்படத்துக்கு நெருக்கமாக ஒன்று கொண்டு வாருங்கள் என்றார்கள்.

அந்த ஸ்டோரிபோர்டு மோசமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. பின்னாளில் இந்தத் தொடரே ஃபின்னின் வெட்கம், ஒருதலைக் காதல், பிரிவு என்று எத்தனையோ அத்தியாயங்கள் எடுத்தது; ரசிகர்கள் உருகிப் பார்த்தார்கள். அப்படியானால் அன்று எங்கே பிசகியது? என் கணிப்பு இது. ஒரு பாத்திரத்தின் இன்னொரு முகத்தைக் காட்டும் கதை, முதல் முகம் பழகிய பிறகுதான் எடுபடும். பார்ப்பவருக்கு ஃபின் யார் என்றே இன்னும் தெரியாது. அவன் இளவரசியின் எதிரில் தடுமாறி உட்கார்ந்திருந்தால், தடுமாறுபவன்தான் ஃபின் என்று எடுத்துக்கொள்வார்கள். எழுதிய மூவருக்கும் அவன் ஏற்கெனவே பழகிய ஆள். அதனால் இரண்டாம் சீசனில் எழுத வேண்டியதை முதல் நாளே எழுதிவிட்டார்கள்.

மாதிரிக் கதை கேட்டால், நம்மிடம் இருப்பவற்றில் வித்தியாசமானதை எடுத்துக் கொடுக்கத்தான் கை போகும். நம் வீச்சைக் காட்டும் ஆசை. அனிமேஷன் எழுத வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பிசகைத்தான்.

எறும்பு

மூவரும் திரும்பப் போய் வரைந்ததுதான் ‘தி என்சிரிடியன்!’. குறும்படத்தின் சாயலைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் வரைந்தது. சேனல் 2008 செப்டம்பரில் முதல் சீசனுக்குச் சம்மதித்தது. முதலில் தயாரிப்புக்குப் போன அத்தியாயமும் இதுவே. ஒளிபரப்பில் ஐந்தாவதாக, 2010 ஏப்ரல் 19இல் வந்தது.

கதை எளிது. வீரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்சிரிடியன் என்ற நூல் மலை உச்சியில் இருக்கிறது என்று இளவரசி ஃபின்னிடம் சொல்கிறாள். அவனும் உருவம் மாறும் நாயான ஜேக்கும் கிளம்புகிறார்கள். வழியெங்கும் சோதனைகள். ஒவ்வொரு சோதனையும் குறும்படத்தில் லிங்கன் வந்ததுபோலக் காரணமற்ற விசித்திரத்தோடு வருகிறது. கிழவிகளை அழிப்பதில் இன்பம் காணும் குள்ளர்கள் வருகிறார்கள், பையன் பதறுகிறான். ஜேக்கை ஓர் அரக்கன் விழுங்கிவிடுகிறான்.

கடைசிச் சோதனைதான் நான் நிறுத்திப் பார்க்க விரும்பும் இடம். ஒரு மந்திரவாதி ஃபின்னிடம் தீய மிருகம் ஒன்றைக் கொல்லச் சொல்கிறான். தீயது என்பதால் ஃபின் தயங்காமல் கொல்கிறான். அடுத்து ஓர் எறும்பைக் காட்டிக் கொல்லச் சொல்கிறான். இது தீயதா என்று ஃபின் கேட்கிறான். இல்லை. நல்லதா? அதுவும் இல்லை. எந்தப் பக்கமும் சேராத எறும்பு. ஃபின் முடியாது என்று மறுத்துவிடுகிறான்.

அந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்குள் எத்தனை வேலை நடக்கிறது பாருங்கள். ஃபின் எதைச் செய்வான், எதைச் செய்ய மாட்டான் என்பது தெரிந்துவிட்டது. அதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை; அவனுடைய மறுப்பு சொல்லியது. குறும்படத்தின் கிறுக்குத்தனம் துளியும் குறையவில்லை. எந்தப் பக்கமும் சேராத எறும்பு லிங்கனுக்குச் சளைத்ததல்ல. எல்லாவற்றையும்விட, பார்க்கும் நிர்வாகியின் தலையில் அடுத்த கதைகள் தாமாக ஓடத் தொடங்குகின்றன. தீயவன் நல்லது செய்தால் இவன் என்ன செய்வான்? நண்பனே தவறு செய்தால்? வாக்குக் கொடுத்துவிட்டு அந்த வாக்கே தவறு என்று தெரிந்தால்? விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பையன் ஒருவன். எந்த விதியும் இல்லாத உலகம் ஒன்று. இரண்டையும் மோதவிட்டால் கதை தீராது.

குறும்படத்திலும் இந்தப் பையன் இருந்தான். ஆனால் லிங்கனின் பின்னால் மறைந்திருந்தான். இரண்டாவது ஸ்டோரிபோர்டில் அவனை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். தொடரை ஓட்டும் எஞ்சின் எது என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

வாங்கியவர்கள் எடுத்துக்கொண்ட காப்பு

சம்மதித்ததோடு சேனல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வார்டுக்கு இருபத்தாறு வயது. தொடர் நடத்திய அனுபவம் இல்லை. ஆகவே ‘ஸ்பாஞ்ச்பாப்’ தொடரில் பழுத்த டெரெக் டிரைமன், மெரிவெதர் வில்லியம்ஸ், நிக் ஜென்னிங்ஸ் ஆகியோரை உடன் சேர்த்தார்கள். ‘என் கதையில் பெரியவர்களைத் தலையிட விடமாட்டேன்’ என்று புதியவர் முறுக்கிக்கொள்ளும் இடம் இது. வார்ட் அப்படிச் செய்திருந்தால் இந்த ஆய்வுக்குப் பொருளே இருந்திருக்காது.

எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அனிமேஷன் தொடர்கள் இரண்டு வகையாக எழுதப்படுகின்றன. ஒன்று, எழுத்தாளர் முழுத் திரைக்கதையைத் தட்டச்சு செய்து கொடுப்பது. பதினொரு நிமிடத்துக்கு அது பதினைந்து பக்கத்துக்கு மேல் போகும். நடிகர் கேமரா முன்னால் நிற்கும் படங்களில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பார்கள். இங்கே நடிகர் தானாகத் தலையைச் சொறிவார் என்று எதிர்பார்க்க முடியாது. சொறிய வேண்டும் என்றால் யாராவது எழுத வேண்டும், இன்னொருவர் வரைய வேண்டும். பக்கம் கூடுவது அதனால்தான்.

மற்றது ஸ்டோரிபோர்டு வழி எழுதுவது. ‘அட்வென்சர் டைம்’ இந்த வகை. எழுத்தாளர்கள் கூடிப் பேசி இரண்டு மூன்று பக்கத்தில் கதைச் சுருக்கம் தருவார்கள். ஸ்டோரிபோர்டு கலைஞர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் வசனம், நகைச்சுவை, அசைவு எல்லாவற்றையும் வரைந்தபடியே எழுதுவார்கள். முதலில் சிறுபடங்களாக வரைந்து குழுவின் முன் நடித்துக் காட்டுவார்கள், திருத்தங்கள் வரும், மறுபடி வரைவார்கள். பிறகு அது தென்கொரிய ஸ்டுடியோக்களுக்கு அசைவூட்டப் போகும். ஓர் அத்தியாயம் முளைத்து முடிய எட்டு ஒன்பது மாதங்கள்.

இந்த அமைப்பில் கதை சொல்வது என்பது விற்பதற்கு முன் ஒருமுறை செய்யும் சடங்காக நின்றுவிடவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் யாரோ ஒருவர் எழுந்து நின்று நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அறையில் நின்று பழகியவர்களில் ரெபெக்கா ஷுகர் பின்னர் ‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’ தொடரை உருவாக்கினார். ஆடம் மியூட்டோ வார்டுக்குப் பின் தொடரையே ஏற்று நடத்தினார்.

அதே நிக்கலோடியன் வாங்கிய கதை

மறுத்த சேனலைக் கொஞ்சம் நியாயப்படுத்தியாக வேண்டும். அதே நிக்கலோடியன் சில ஆண்டுகளுக்கு முன், 2002இல், மைக்கேல் டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்ற இருவரிடமிருந்து ஒரு பெருங்கதையை வாங்கியிருந்தது. கொனியெட்ஸ்கோவிடம் வழுக்கைத் தலை நடுவயது மனிதர் ஒருவரின் பழைய ஓவியம் இருந்தது. அவரைச் சிறுவனாக்கி, வானத்தில் காட்டெருமை மேய்ப்பவனாக வரைந்து பார்த்தார். டிமார்ட்டினோவோ தென்துருவத்தில் சிக்கிக்கொண்ட பயணிகளைப் பற்றிய ஆவணப்படத்தில் மூழ்கியிருந்தார். இரண்டும் ஒட்டின: பனிவெளியில் சிக்கிய நீர் மக்கள், அவர்களை நெருக்கும் நெருப்பு மக்கள், நடுவில் காற்றுச் சிறுவன். இதைச் சேனலின் எரிக் கோல்மனிடம் சொன்னார்கள். 2005 பிப்ரவரியில் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. 61 அத்தியாயங்கள், முழுக்கத் திரைக்கதை எழுதி எடுக்கப்பட்டவை.

இவர்கள் கையில் பத்து லட்சம் பார்வைகள் இல்லை. ஏழு நிமிடப் படமும் இல்லை. ஆனால் கேட்பவர் ‘அடுத்தது என்ன’ என்று கேட்டால் பதில் இருந்தது: பையன் நான்கு பூதங்களின் ஆற்றலையும் கற்க வேண்டும், போர் முடிய வேண்டும். ஒவ்வொரு ஆற்றலுக்கும் ஓர் ஆசிரியர், ஒரு நிலம். எத்தனை அத்தியாயம் வரும், எங்கே முடியும் என்பது கதையின் எலும்பிலேயே இருந்தது. எலும்பு வெளியே தெரியாத கதையையும் தெரிந்த கதையையும் வைத்துப் பார்த்தால், சேனல் எதைக் கையில் எடுக்கும் என்பது பெரிய மர்மம் அல்ல.

நம் மேசையில் வைத்துப் பார்த்தால்

தமிழில் அனிமேஷன் எழுத முயல்பவர்கள் பெரும்பாலும் சினிமாவைப் பார்த்துக் கதை கட்டப் பழகியவர்கள். நமக்குத் தெரிந்த கதை ஒரு முறைதான் நடக்கும். நாயகனுக்கு ஒரு குறை, இடைவேளையில் அடி, முடிவில் குறை தீர்கிறது. சுபம். இரண்டரை மணி நேரத்துக்கு இது சரி. தொடருக்கு இது தற்கொலை.

ஓர் எடுத்துக்காட்டை இட்டுக்கட்டிச் சொல்கிறேன். ‘உயரத்துக்குப் பயப்படும் காகம்’. கேட்டதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒன்லைன் நன்றாக இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும், படமாகவும் வரையலாம். இப்போது இரண்டாவது அத்தியாயத்தைச் சொல்லுங்கள். முதல் கதையில் அது பயத்தை வென்று பறந்துவிட்டால் தொடர் அங்கேயே முடிந்தது. வெல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்; மூன்றாவது வாரம் குழந்தை சேனலை மாற்றிவிடும்.

அதே காகத்தை ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் உட்கார வையுங்கள். பறக்காது, ஆகவே மற்றக் காகங்கள் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போகும் பொருள்களையெல்லாம் காவல் காக்கிறது. கரண்டி, ஒற்றைக் கொலுசு, கண்ணாடி, வீட்டுச் சாவி. ஒவ்வொன்றையும் உரியவரிடம் சேர்த்தே தீர வேண்டும் என்பது அதன் பிடிவாதம். பறக்காமல் எப்படிச் சேர்ப்பது என்பது ஒவ்வொரு வாரமும் புதிய சிக்கல். கரண்டி ஒரு கதை, சாவி ஒரு கதை. உரியவரே வேண்டாம் என்று சொல்லும் பொருள் இன்னொரு கதை. பயம் அப்படியே இருக்கிறது. அது தீர வேண்டிய நோயாக இல்லாமல் கதையைச் செலுத்தும் தடையாக மாறிவிட்டது. இந்தக் காகம் பொருளைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் ஒரு தருணத்தை எழுதிவிட்டால், அதற்கான எறும்பும் கிடைத்துவிடும்.

எழுத்திலும் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். ‘காகம் கலங்கிப் போனது’ என்று எழுதினால் வரைபவர் என்ன வரைவார்? சாவியை அலகில் எடுக்கிறது, கைப்பிடிச் சுவரின் விளிம்புவரை நடக்கிறது, கீழே எட்டிப் பார்க்கிறது, சாவியைத் தன் வயிற்றுக்கடியில் வைத்து அடைகாப்பதுபோல உட்கார்ந்துகொள்கிறது என்று எழுதினால் நான்கு கட்டங்கள் கிடைத்துவிட்டன, கலக்கமும் வந்துவிட்டது. சிறுகதை எழுதிப் பழகியவர்களுக்கு இது முதலில் வறட்டு எழுத்தாகத் தோன்றும். நல்ல ஸ்டோரிபோர்டு கலைஞர் ஒருவரோடு ஒரு வாரம் உட்கார்ந்தால் வறட்சி எங்கே இருந்தது என்று புரிந்துவிடும்.

வரையத் தெரியாது என்பவர்கள் குச்சி மனிதர்களையாவது போட்டுப் பழகலாம். விற்கப் போகும்போது கூட ஒரு கலைஞர் இருப்பது நல்லது. வார்ட் தானே வரைபவராக இருந்தும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார் என்பதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கையில் கொண்டுபோக வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை: ஒன்லைன், பாத்திரங்களைச் சொல்லும் சில பக்கங்கள், பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களுக்குத் தலா இரண்டு வரி, முழுதாக எழுதிய அல்லது வரைந்த ஓர் அத்தியாயம். நாற்பது பக்கத்தில் அந்த உலகத்தின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதை யாரும் படிக்கப்போவதில்லை. அந்த இரண்டு வரிகளைத்தான் படிப்பார்கள். ஐந்தாவது வரியிலேயே சரக்கு தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

மாதிரி அத்தியாயமாக எதை எழுதுவது என்பதில் மட்டும் அவசரப்படக் கூடாது. முதல் அத்தியாயத்தை எழுதத்தான் எல்லோருக்கும் விருப்பம்: பாத்திரங்கள் எப்படிச் சந்தித்தார்கள், உலகம் எப்படி உருவானது. ‘தி என்சிரிடியன்!’ அப்படிப்பட்ட கதை அல்ல. ஃபின்னும் ஜேக்கும் ஏற்கெனவே நண்பர்கள். இளவரசிக்கு அவர்களைத் தெரியும். உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அதில் யாரும் விளக்குவதில்லை. ஒளிபரப்பில் அது ஐந்தாவதாக வந்தும் ஒன்றும் கெடவில்லை. ஒரு சாதாரண வாரத்தில் இந்தத் தொடர் எப்படி இருக்கும் என்று வாங்குபவருக்குக் காட்டியது அதுதான்.

இதையெல்லாம் சூத்திரமாக எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்காக, அந்த மூவரில் எஞ்சிய ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட் மெக்ஹேல் தன் சொந்தக் கதைக்காக எடுத்த குறும்படம் 2013இல் வந்தது. அது விரிந்து 2014 நவம்பரில் ‘ஓவர் த கார்டன் வால்’ ஆனது. ஐந்து இரவுகளில் பத்துப் பகுதிகள் ஒளிபரப்பாகின. காட்டில் வழி தவறிய இரண்டு சகோதரர்கள் வீடு திரும்புவதோடு கதை முடிந்துவிடுகிறது. இரண்டாவது சீசன் கிடையாது; எடுக்க இடமும் இல்லை. வாங்கியது அதே கார்ட்டூன் நெட்வொர்க்தான்.